தொண்ணூறு மில்லி

குலுக்கலில் விழுந்தது
மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தோற்பவர் பெயர்.
பாய் விளிம்பில் நின்றிருந்தேன்,
கழுத்தில் அட்டை, கையில் படிவம்.
தோற்றவர் வகீஹ் தமன்ஹூரி.
எகிப்து. தொண்ணூற்றேழு கிலோ. வயது முப்பத்தெட்டு.

எதிராளியின் கையை நடுவர் உயர்த்தி இறக்கியதும்
இவர் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.
வலதுகாலில் முடிச்சு இறுகிக்கொண்டது. பல்லால் கடித்தார்.
இரண்டையும் வட்டத்தின் நடுவே ஜோடியாக வைத்துவிட்டு
எழுந்தபோதுதான் அரங்கத்துக்கு விளங்கியது.
சோனிப்பத்திலிருந்து டிராக்டரில் வந்த பையன்கள்
நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தார்கள்.
நான் கைதட்டக் கூடாது. விதி அப்படி.
வெறுங்காலோடு வந்தவரிடம் கையெழுத்து வாங்கினேன்,
இனி என் கண்ணைவிட்டு அகல மாட்டேன் என்று.

வேண்டியது தொண்ணூறு மில்லி சிறுநீர்.
எடைக்காக முந்தாநாளிலிருந்து
நாக்கை மட்டும் நனைத்துவந்த உடம்பு.
ஒரு பாட்டில் குடித்தார். மூன்று. ஐந்து.
ஜன்னலுக்கு வெளியே நவம்பர்ப் புகை
யமுனைப் பக்கமிருந்து வந்து நின்றுகொண்டது.
தரை சில்லிட்டது. கழிவறைக்கென வைத்திருந்த
நீல ஹவாய்ச் செருப்பைக் கொடுத்தேன்.
குதிகால் இரண்டும் வெளியே.

படிவம் கேட்டது: கடந்த ஏழு நாளில் உட்கொண்ட மருந்துகள்?
அவர் இருபத்தைந்து வருடத்துக்குப் பதில் சொன்னார்.

அப்பா பருத்தி ஆலையில் மூட்டை தூக்கினார்.
பதின்மூன்று வயதில் இவர்
மூட்டையோடு அப்பாவையும் சேர்த்துத் தூக்கினாராம்.
மூட்டையை இறக்கியதும் அடி விழுந்ததாம்.
பிறகு அலெக்சாந்திரியா, தபால்காரர்கள் சங்கத்து மன்றம்,
ஒரு பாய், நாற்பது பேர்.
நசுங்கி வீங்கிய காதுகளைத் தொட்டுக் காட்டினார்:
இடது துனிசில். வலது பாக்குவில்.
ஆறு முறை ஆப்பிரிக்கச் சாம்பியன்.
மகள் பிறந்தபோது ஹங்கேரியில்
பிளாஸ்டிக் உடை மாட்டி ஓடிக்கொண்டிருந்தார்,
எண்ணூறு கிராம் அதிகம் என்று.
அமைச்சர் அறிவித்த வீடு
இன்னும் அறிவிப்பிலேயே இருக்கிறது.
ஒலிம்பிக் பதக்கம் ஒரு புள்ளியில் போயிற்று.
அதைச் சொல்ல ஆங்கிலம் போதாமல்
இரு விரலுக்கு நடுவே
ஓர் அரிசி நுழையும் இடைவெளி காட்டினார்.

வீட்டிலிருந்து மூன்றாம் தடவை போன்.
இன்னும் வரலையா அவருக்கு, என்றாள்.

சுவர்த் தொலைக்காட்சியில் இறுதிப்போட்டி ஓடியது.
அந்த ஷூக்களை யாரோ
தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் ஒதுக்கியிருந்தார்கள்.
பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
திடீரென்று, எழுந்திரு, என்றார்.
இன்று எப்படித் தோற்றேன் தெரியுமா?
இடுப்பைச் சுற்றி வந்தன இரு கைகள்.
மாசக் கடைசிச் சம்பளக்காரன், அறுபத்திரண்டு கிலோ,
மயூர் விகாரில் வாடகை வீடு,
என் கால் தரையை விட்டது.
இங்கே நழுவவிட்டேன், என்று
என் விலாவுக்கு அருகே சொன்னார்.
அப்புறம் இறக்கினார்,
மூக்குக்கண்ணாடி கோணாமல்,
தூங்கும் குழந்தையை ரயில் பெர்த்தில் கிடத்துவதுபோல.
இதற்கான பத்தி படிவத்தில் இல்லை.

முதல் முயற்சி நாற்பது மில்லி. மூடி முத்திரை வைத்தேன்.
பத்தரைக்கு மறுபடி.
நேருக்கு நேர் நின்று பார்க்க வேண்டும், அதுவும் விதி.
பார்த்தேன். இருவரும் அளவுக்கோட்டையே பார்த்தோம்.
சேர்த்தால் தொண்ணூற்றைந்து.
கால்கிலோ குறைய எச்சில் துப்பித் துப்பி
ஒவ்வொரு தராசின் முன்பும் மூச்சைப் பிடித்தவர்
அளவு கூடியதற்காகச் சிரித்தது
அநேகமாக அதுதான் முதல் தடவை.

கடைசி மெட்ரோ போய்விட்டிருந்தது.
அவர்கள் பேருந்து புகைக்குள் திரும்பும்போது
படிக்கட்டில் நீலமாக ஏதோ தெரிந்தது.
திங்கட்கிழமை ஸ்டோர் மித்தல் கேட்பார்:
ஹவாய்ச் செருப்பு, ஒரு ஜோடி, எங்கே?
எழுதிக்கொடுக்க வேண்டும்,
கெய்ரோ போயிருக்கிறது என்று.